லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

பாடத்துக்கும் வேண்டும், விளையாட்டுக்கும் வேண்டும்! எதைப் பார்த்து வாங்குவது?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்.

"அப்பா, எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்" என்கிறான் மகன்.

"எதற்குடா?" என்கிறார் தகப்பனார்.

"படிக்கத்தான்!"

பக்கத்தில் இருக்கும் தங்கை களுக்கென்று சிரிக்கிறாள். அண்ணன் எதற்காகக் கேட்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்கும் சந்தேகம்தான். ஆனாலும், "வாங்கிக் கொடுக்காமல் விட்டால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமோ!" என்று பயம். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். எல்லோரும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ, அதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஆறு மாதம் போகிறது. "இது ரொம்ப மெதுவாக ஓடுகிறது" என்கிறான் பையன். "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினேனே!" என்கிறார் அப்பா. வீட்டில் சண்டை!

சாதாரணக் குடும்பத்தில் லேப்டாப் என்பது அடிக்கடி வாங்கும் சாமான் அல்ல. ஒரு முறை வாங்கினால் 4, 5 ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஆகவே, கடைக்குப் போகும் முன்பு சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. பெட்டியின் மேல் எழுதி இருக்கும் நான்கைந்து எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

விளையாட்டில் பிறந்த எந்திரம்

"படிக்கிற எந்திரத்தில் விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், லேப்டாப்பின் கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஆலன் கே என்ற விஞ்ஞானி. 1972-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். "நோட்டுப் புத்தகம் அளவில், 4 பவுண்டுக்கும் (1.8 கிலோ) குறைவான எடையில், குழந்தைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்" என்பது அவருடைய யோசனை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் அறையை அடைக்கும் பெரிய எந்திரம்!

அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். இருவருக்கும் 9 வயது. பூங்காவில் புல் தரையில் படுத்தபடி, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் விண்கலச் சண்டை விளையாடுகிறார்கள். பிறகு, விளையாட்டில் சூரியனின் ஈர்ப்பு சக்தியையும் சேர்த்தால் என்ன என்று ஆசை பிறக்கிறது. அது எப்படி என்று தெரியவில்லை. ஆசிரியரிடம் ஓடுகிறார்கள். விளையாட்டு, விஞ்ஞான பாடமாக மாறிவிடுகிறது!

அப்போது அது வெறும் கற்பனை. 1981-ல் ஆஸ்பார்ன் என்ற கம்பெனி, கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 11 கிலோ. திரையின் அளவு 5 அங்குலம்தான். இன்று கடையில் இருக்கும் லேப்டாப்புகள் ஆலன் கே சொன்ன எடைக்கு வந்துவிட்டன.

ஆகவே, படிப்பும் விளையாட்டும் ஒரே எந்திரத்தில் இருப்பது தவறு அல்ல. மறைப்பதுதான் தவறு. விளையாட்டை மறைத்து "படிக்கத்தான்" என்று சொல்லி வாங்கினால், தேவை இல்லாத எந்திரம் வீட்டுக்கு வந்து சேரும்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போகும் முன்பு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு காகிதத்தை எடுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள்.

இடது பக்கம் பாட வேலைகளை எழுதச் சொல்லுங்கள். கட்டுரை தட்டச்சு செய்வது, வீடியோ பாடம் பார்ப்பது, பைத்தான் போன்ற புரோகிராம் எழுதுவது, கணக்கு அட்டவணை போடுவது... இப்படி.

வலது பக்கம் விளையாட்டுகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

இடது பக்கத்தில் உள்ள பள்ளிக்கூட வேலைகளுக்கு விலை உயர்ந்த லேப்டாப் தேவையே இல்லை. எந்திரத்தின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வலது பக்கம்தான். இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"ஐ-7" என்ற மாயம்

"சார், இது ஐ-7! ரொம்ப வேகம்!" என்பார் கடைக்காரர்.

ஐ-3, ஐ-5, ஐ-7 என்பவை இன்டெல் கம்பெனியின் பிராசசர்களுக்கு வைத்த பெயர்கள். பிராசசர்தான் லேப்டாப்பின் மூளை. "3-ஐ விட 5 பெரியது. 5-ஐ விட 7 பெரியது. ஆகவே 7-தான் நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். அது எப்போதும் சரி அல்ல.

ஐ-7 என்பதற்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கும். அதைப் பாருங்கள்.

உதாரணமாக, "ஐ-7 7500 யு" என்று ஒன்று. இதில் 7500-ன் முதல் எண்ணாகிய 7, அது ஏழாவது தலைமுறை என்று காட்டுகிறது. 2016-ல் வந்தது. அதற்குள் வேலை செய்யும் உள்மூளைகள் இரண்டு.

"ஐ-3 1215 யு" என்று இன்னொன்று. 1215-ல் உள்ள 12, பன்னிரண்டாவது தலைமுறையைக் குறிக்கும். 2022-ல் வந்தது. இதில் உள்மூளைகள் ஆறு!

எது வேகம்? பிந்தி வந்த ஐ-3-தான். ஆனால் பழைய லேப்டாப் விற்பவர்கள் "ஐ-7" என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையில்தான் தொடங்குகின்றன. அந்த ஐ-7 7500 அந்தப் பட்டியலில் இல்லை!

2023-ம் ஆண்டின் இறுதியில் இருந்து இன்டெல் பெயர்களை மாற்றத் தொடங்கியது. "கோர் 5", "கோர் அல்ட்ரா 5" என்று புதிய பெயர்கள் வந்தன. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் பிராசசர்களும் நல்லவையே. எந்தப் பெயராக இருந்தாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த பிராசசர் எந்த ஆண்டு வந்தது?"

மேஜையும் பீரோவும்

அடுத்து, ரேம். இதை ஒரு படிப்பு மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை பெரிதாக இருந்தால் நாலு புத்தகத்தையும் விரித்து வைத்துப் படிக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். லேப்டாப் மெதுவாக ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரேம் 8 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள். 4, 5 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றால் 16 ஜி.பி. நல்லது. விளையாட்டும் வேண்டும் என்றால் 16 அவசியம்.

இப்போது 16-க்குப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். 8 வாங்குங்கள். ஆனால், "பிறகு ரேம் சேர்க்க முடியுமா? அல்லது பலகையோடு பற்றவைத்து விட்டார்களா?" என்று கேளுங்கள். சேர்க்க இடம் உள்ளதாக வாங்கினால், அடுத்த தீபாவளி போனசில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பீரோ. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடம். பழைய லேப்டாப்பில் தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தது. இப்போது எஸ்.எஸ்.டி. என்பது வந்துவிட்டது. இதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே வேகம் அதிகம். பையில் வைத்துக் கொண்டு போகும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் தாங்கும்.

எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருந்தால் நல்லது. 100 ஜி.பி. அளவுக்கு இடம் பிடிக்கும் விளையாட்டுகள் இருக்கின்றன!

மிக மலிவான சில லேப்டாப்புகளில் "இ.எம்.எம்.சி." என்று எழுதி இருக்கும். 64 ஜி.பி., 128 ஜி.பி. என்று சிறிய அளவில் வரும். எஸ்.எஸ்.டி.யைவிட வேகம் குறைவு. பிறகு மாற்றவும் முடியாது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

விளையாட்டுக்கு என்ன வேண்டும்?

இப்போது காகிதத்தின் வலது பக்கத்துக்கு வருவோம்.

திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. 'புல் எச்.டி.' திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டு சீராக ஓட வேண்டும் என்றால், வினாடிக்கு 60 முறை படத்தைப் புதிதாக வரைய வேண்டும். அதாவது, வினாடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள்!

இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் சிப்.

சாதாரண லேப்டாப்பில் இது பிராசசருக்கு உள்ளேயே சிறியதாக இருக்கும். விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப்பில் தனியாகப் பெரியதாக இருக்கும். என்விடியா கம்பெனியின் "ஆர்.டி.எக்ஸ். 3050", "4050", "5050" என்பவை இப்படிப்பட்ட தனிச் சிப்புகள்.

தனிச் சிப் எல்லா விளையாட்டுக்கும் வேண்டுமா? வேண்டாம்!

செஸ் விளையாட எந்த லேப்டாப்பும் போதும். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனபிறகு நம் வீடுகளில் செஸ் ஆர்வம் பெருகி இருக்கிறது. அதற்குக் கூடுதலாக ஒரு பைசாவும் செலவு செய்ய வேண்டாம்.

மைன்கிராப்ட், ரோப்ளாக்ஸ், வாலரன்ட் போன்றவை, சமீபத்தில் வந்த பிராசசரின் உள் சிப்பிலேயே ஓடும். படத்தின் தரத்தைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. உள் சிப்புக்கு என்று தனி மேஜை கிடையாது. அது ரேமைப் பங்குபோட்டுக் கொள்ளும். ஆகவே ரேம் 16 ஜி.பி. இருக்க வேண்டும். அதுவும் ஒரே துண்டாக இருப்பதைவிட, 8-ம் 8-ம் இரண்டு துண்டாக இருந்தால் விளையாட்டு இன்னும் வேகமாக ஓடும்.

சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளை நன்றாக ஆட வேண்டுமானால் தனிச் சிப் வேண்டும். ஆனால் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைபர்பங்க், ஜி.டி.ஏ.-5 இரண்டுக்கும் ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு என்று முத்திரை போட்டிருக்கிறார்கள். மைன்கிராப்டுக்கு 7 வயது. பத்தாம் வகுப்புப் பையன் எழுதிய பட்டியலில் எந்த விளையாட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

சில படிப்புகளுக்கும் தனிச் சிப் உதவும். முப்பரிமாணப் படம் வரைவது, வீடியோ வெட்டி ஒட்டுவது, என்ஜினீயரிங் வரைபடம் ஆகியவை அப்படிப்பட்டவை. மகளோ, மகனோ அந்த வழியில் போகப் போகிறார்கள் என்றால் தனிச் சிப் வீண் செலவு ஆகாது.

கூடுதல் பணம் எவ்வளவு?

2025-ம் ஆண்டில், மாணவருக்கு ஏற்ற சாதாரண லேப்டாப் சுமார் 35 ஆயிரம் ரூபாய் முதல் 55 ஆயிரம் ரூபாய் வரை விற்றது. தனிச் சிப் உள்ளவை சுமார் 60 ஆயிரத்துக்கு மேல் போயின. அந்த ஆண்டின் இறுதியில் உலகம் எங்கும் ரேம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அதை ஏராளமாக வாங்கியதே காரணம். ஆகவே, வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரியுங்கள்.

பணம் மட்டும் அல்ல. வேறு கஷ்டங்களும் உண்டு.

சாதாரண லேப்டாப் ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோ இருக்கும். விளையாட்டு லேப்டாப் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல். சார்ஜரே அரை கிலோ இருக்கும்! தினமும் பஸ்சில் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு இது பாரம்.

சாதாரண லேப்டாப்பின் சார்ஜர் 45 அல்லது 65 வாட். விளையாட்டு லேப்டாப்புக்கு 150 வாட்டும் உண்டு. 240 வாட்டும் உண்டு. பாட்டரியில் விளையாடினால் சீக்கிரமே சார்ஜ் தீர்ந்துவிடும். வேகமும் குறையும்.

தனிச் சிப்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், "இந்த லேப்டாப்பில் சிப்புக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஏனென்றால், ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் உண்டு. 115 வாட்டிலும் உண்டு. பெயர் ஒன்று, வேகம் வேறு!

கடையில் பத்து நிமிடம்

பணத்தைக் கொடுக்கும் முன்பு கடையில் பத்து நிமிடம் செலவு செய்யுங்கள். வெட்கப்பட வேண்டாம். பணம் உங்களுடையது.

லேப்டாப்பைத் திறந்து ஓடவிடச் சொல்லுங்கள். கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" என்ற பக்கம் திறக்கும். அதில் "பெர்பாமன்ஸ்" என்ற இடத்துக்குப் போனால் பிராசசரின் முழுப் பெயர், ரேமின் அளவு, எஸ்.எஸ்.டி.யா ஹார்டு டிஸ்க்கா, கிராபிக்ஸ் சிப் எது... எல்லாம் தெரிந்துவிடும். பெட்டியில் எழுதியதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும்.

திரையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். நிறம் மாறி மங்கினால் அது மட்டமான திரை. பாடம் படிக்க 60 ஹெர்ட்ஸ் திரை போதும். வேகமான விளையாட்டுக்கு 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது.

பிள்ளையை ஒரு பத்தி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஆண்டுக் கணக்கில் அந்தப் பொத்தான்களைத் தட்டப்போவது அவன்தானே!

வேர்டு, எக்செல் ஆகியவை நிரந்தரமாகச் சேர்ந்து வருகின்றனவா, ஓராண்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். அவை இல்லாவிட்டாலும், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போதும்.

"பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். லேப்டாப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால், பில் இல்லாமல் போனால் நாளைக்குப் பழுது வரும்போது யாரிடம் போய் நிற்பது?

தவணையில் வாங்குகிறவர்கள் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். "வட்டி இல்லை" என்று சொன்னாலும், வேறு கட்டணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம். ஆபீசுகளில் உபயோகித்துவிட்டு விற்கும் லேப்டாப்புகள் உறுதியானவை. ஆனால், விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். பில்லும், சில மாதங்களுக்காவது உத்தரவாதமும் வேண்டும். பாட்டரி தளர்ந்திருக்கும், அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந் தேதி, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. அப்படிக் கிடைத்த பழைய லேப்டாப் சில வீடுகளில் பரண் மேல் தூங்கலாம். அதில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, இலவசமான லினக்ஸ் ஏற்றினால், தட்டச்சு பழகவும் புரோகிராம் கற்கவும் சிறு பிள்ளைகளுக்கு உதவும்.

வாங்கிய பிறகு...

லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து உபயோகிக்கச் சொல்லுங்கள். மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்கக்கூடாது. அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு எந்திரம் சூடாகும்.

கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். கண் டாக்டர்கள் சொல்லும் யோசனை இது.

பணம் கட்டி ஆடும் விளையாட்டுப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அதைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றி இருக்கிறது. உங்கள் பாங்கி அட்டை எண்ணை லேப்டாப்பில் பதிந்து வைக்காதீர்கள்.

எத்தனை மணிக்கு விளையாட்டு, எத்தனை மணிக்குப் படிப்பு என்பதை லேப்டாப் வீட்டுக்கு வரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வந்த பிறகு பேசினால் சண்டை வரும்!

சட்டைப் பையில் ஒரு சீட்டு

கடைக்குப் போகும்போது கீழே உள்ளதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. பிராசசர் - எந்த ஆண்டு வந்தது? விண்டோஸ் 11-க்கு ஏற்றதா?

2. ரேம் - 16 ஜி.பி. அல்லது, பிறகு சேர்க்க இடம் உள்ள 8 ஜி.பி.

3. எஸ்.எஸ்.டி. - 512 ஜி.பி.

4. திரை - புல் எச்.டி. பக்கத்தில் இருந்து பார்த்தாலும் மங்கக்கூடாது.

5. தனிச் சிப் - பட்டியலில் உள்ள விளையாட்டுக்கோ படிப்புக்கோ உண்மையாகவே தேவையா? தேவை என்றால், எத்தனை வாட்?

6. எடை - சார்ஜரோடு சேர்த்து எத்தனை கிலோ?

7. பில், உத்தரவாதம், பழுது பார்க்கும் இடம் - உங்கள் ஊரில் இருக்கிறதா?

பள்ளி மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, புதிய பிராசசரும் 16 ஜி.பி. ரேமும் உள்ள சாதாரண லேப்டாப்பே போதும். பாடமும் நடக்கும், மாலையில் கொஞ்ச நேரம் விளையாட்டும் நடக்கும். மிச்சமாகும் பணத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள். கல்லூரியில் சேரும்போது அது உதவும்!